பெயர் தெரியாமல் வந்து தட்டும் சப்டொமைன்கள்

சர்வர் சந்தேகங்கள் – வாசகர் கேள்வி பதில்

(கட்டளைச் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே தட்டவும். அடிக்கோடு, அரைப்புள்ளி எதையும் விட்டுவிட வேண்டாம். எல்லாப் பதிலிலும் தளத்தின் பெயர் எக்ஸாம்பிள்.காம். இது விளக்கங்களுக்கென்றே ஒதுக்கி வைத்த பெயர், யாரும் வாங்க முடியாது.)

சிறு கடைகளுக்கு ஆளுக்கொரு சப்டொமைன் (எங்கள் டொமைனுக்கு முன்னால் கடைப்பெயர் சேர்ந்த முகவரி) கொடுக்கும் சேவை நடத்துகிறோம். பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாப் பெயரையும், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடும் ஒரே சர்வருக்குத் திருப்பிவிட்டோம். பதிவே செய்யாத கடையின் பெயரை யாராவது தட்டினால் எங்கள் கணக்குவழக்கு மென்பொருளின் லாகின் பக்கம் திறக்கிறது. அதற்கு முன்னால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வேறு. முகப்புப் பக்கத்துக்கு ரீடைரக்ட் போட்டும் எச்சரிக்கை போகவில்லை. எங்கே தவறு?
– வாசகர், திருப்பூர்

இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் எச்சரிக்கை. பிரவுசர் 443-ஆம் போர்ட்டுக்கு (எச்டிடிபிஎஸ்ஸின் வாசல்) வந்ததும் முதலில் சொல்வது ‘எனக்கு இந்தப் பெயருள்ள தளம் வேண்டும்’ என்பதுதான். இதற்கு எஸ்என்ஐ என்று பெயர். சர்வர் உடனே, அந்தப் பெயர் தன்னுடையதுதான் என்று காட்டும் ஒரு சான்றிதழை நீட்ட வேண்டும். பிரவுசர் அதைச் சரிபார்த்து, பெயர் பொருந்தினால்தான் அடுத்த கட்டம்: எந்தப் பக்கம் வேண்டும் என்ற கோரிக்கை. நீங்கள் போட்ட ரீடைரக்ட் அந்தக் கோரிக்கைக்குத் தரும் பதில். சான்றிதழ் பொருந்தாத இடத்தில் பேச்சு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. ரீடைரக்ட் பிரவுசரின் கைக்குப் போய்ச் சேர்வதே இல்லை. எனவே எச்டிடிபிஎஸ்ஸில் தெரியாத பெயரை எப்படி நடத்துவது என்ற முடிவைச் சான்றிதழ் நீட்டும் அந்தக் கட்டத்திலேயே எடுத்தாக வேண்டும். 80-ஆம் போர்ட்டில் (சாதாரண எச்டிடிபி) செல்லுபடியாகும் தந்திரங்கள் இங்கே எடுபடாது.

அடுத்து, கணக்குவழக்கு லாகின் ஏன் திறக்கிறது? வந்த பெயர் எந்த சர்வர் பிளாக்கோடும் (ஒரு தளத்துக்கென்று எழுதும் அமைப்புப் பகுதி) பொருந்தாவிட்டால், அந்த முகவரி–போர்ட் ஜோடிக்கு ‘டிஃபால்ட்’ எதுவோ அதற்கு என்ஜின்எக்ஸ் கோரிக்கையைத் தள்ளிவிடும். டிஃபால்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை என்றால், முதலில் படித்த பிளாக்தான் டிஃபால்ட். ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ அடைவில் உள்ள கோப்புகளை நட்சத்திரம் போட்டு இன்க்ளூடு செய்யும்போது அவை ஆங்கில அகர வரிசையில் படிக்கப்படும். உங்கள் கணக்குவழக்குக் கோப்பின் பெயர் ‘அக்கவுண்ட்ஸ்’ என்று ‘ஏ’-யில் தொடங்குகிறதா, பாருங்கள். அனேகமாக அதுதான் காரணம்.

‘சர்வர்_நேம்’ வரியில் வெறும் அடிக்கோடு போட்டால் அது எல்லாப் பெயரையும் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்த மந்திரமும் அதில் இல்லை. எந்த நிஜப் பெயரோடும் பொருந்தாத ஒரு பெயர் அது, அவ்வளவுதான். வேலை செய்வது ‘லிசன்’ வரியில் வரும் ‘டிஃபால்ட்_சர்வர்’ என்ற சொல்.

இனி தீர்வு. உங்களிடம் வரும் தெரியாத பெயர்கள் இரண்டு வகை. ஒன்று, உங்கள் டொமைனுக்குக் கீழே, இன்னும் யாரும் எடுக்காத கடைப்பெயர். இங்கே வந்தவர் வாடிக்கையாளராக இருக்கலாம், எழுத்துப்பிழையாகத் தட்டியிருக்கலாம். ‘இப்படி ஒரு கடை இல்லை’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். மற்றொன்று, வெறும் ஐபி முகவரியில் வருவது, யாரோ ஒருவரின் டொமைனை உங்கள் ஐபிக்குத் திருப்பிவிட்டு வருவது. இவற்றுக்குப் பதிலே தேவையில்லை. இரண்டாம் வகைக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் படிக்கும்படி ‘00’ என்று தொடங்கும் கோப்பில் இதை எழுதுங்கள்:

சர்வர் {
  லிசன் 443 எஸ்எஸ்எல் டிஃபால்ட்_சர்வர்;
  லிசன் [::]:443 எஸ்எஸ்எல் டிஃபால்ட்_சர்வர்;
  எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் ஆன்;
  ரிட்டர்ன் 444;
}

இரண்டாவது லிசன் வரி ஐபிவி6-க்கு. அதை விட்டால் ஐபிவி4-இல் எல்லாம் சரியாக இருக்கும். ஜியோ போன்ற மொபைல் இணைப்பில் ஐபிவி6 வழியாக வருபவருக்கு மட்டும் பழைய லாகின் பக்கமே வரும். அலுவலகத்தில் சோதித்தால் பிடிபடாத பிழை இது.

மூன்றாவது வரி என்ஜின்எக்ஸ் 1.19.4 முதல் இருக்கிறது. இது இருந்தால் இந்த பிளாக்குக்குச் சான்றிதழே தேவையில்லை. பெயரைக் கேட்டதும் ஹேண்ட்ஷேக்கிலேயே (சான்றிதழ் நீட்டும் அந்தத் தொடக்கப் பேச்சில்) மறுத்துவிடும். அதைவிடப் பழைய பதிப்பில் இருப்பவர்கள் தாங்களே கையெழுத்திட்ட ஒரு வெற்றுச் சான்றிதழை இங்கே வைத்து, கீழே 444 கொடுத்துவிட வேண்டியதுதான். பதில் எதுவும் அனுப்பாமல் இணைப்பை அறுத்துவிடு என்பதற்கு என்ஜின்எக்ஸ் தனக்கென வைத்துக்கொண்ட எண் 444.

ஹேண்ட்ஷேக்கையே மறுத்த பிறகு 444 எதற்கு என்று கேட்கலாம். எஸ்என்ஐயில் சரியான கடைப்பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்துவிட்டு, கோரிக்கையின் ஹோஸ்ட் வரியில் (எந்தத் தளம் வேண்டும் என்று கோரிக்கைக்குள் சொல்லும் வரி) வேறு பெயரைச் சொல்லும் ஸ்கேனர்கள் உண்டு. ஹேண்ட்ஷேக் முடிந்த பிறகு என்ஜின்எக்ஸ் ஹோஸ்ட் வரியைப் பார்த்துத்தான் பிளாக்கைத் தேர்ந்தெடுக்கும்; அந்தப் பெயர் பொருந்தாவிட்டால் இதே டிஃபால்ட் பிளாக்குக்கு வரும். 444 இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் தன்னோடு கொண்டுவந்த வரவேற்புப் பக்கத்தைக் காட்டி நிற்கும்.

முதல் வகைக்குத் தனி பிளாக். அதில் சர்வர்_நேம் *.எக்ஸாம்பிள்.காம், வைல்டுகார்டு சான்றிதழ் (பெயரில் நட்சத்திரம் போட்டு வாங்கியது), கோரிக்கை அப்படியே உங்கள் மென்பொருளுக்குப் போகட்டும், ஹோஸ்ட் வரியோடு. கடை இருக்கிறதா என்று டேட்டாபேஸைப் பார்த்து, இல்லையென்றால் 404 எண்ணோடு ஒரு பக்கம் தர வேண்டியது மென்பொருளின் வேலை. முகப்புக்கு ரீடைரக்ட் செய்யாதீர்கள். தேடுபொறியின் கண்ணில் இல்லாத கடைகளெல்லாம் இருப்பதாகத் தெரியும். மூடிப்போன கடையின் பெயரைத் தேடி வந்தவருக்கும் என்ன நடந்தது என்று விளங்காது. கணக்குவழக்கு மென்பொருளுக்குத் தனி பிளாக்கில் முழுப்பெயரையே எழுதுங்கள். முழுப்பெயர் பொருத்தம்தான் முதலில் பார்க்கப்படும், பிறகு முன்னால் நட்சத்திரம் உள்ளவை, பிறகு பின்னால் நட்சத்திரம் உள்ளவை, கடைசியில்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (பெயரின் வடிவத்தை விதியாக எழுதுவது). எனவே இரண்டும் மோதாது.

எஸ்எஸ்எல்_புரோட்டோகால்ஸ் வரியை (எந்தெந்தக் குறியாக்கப் பதிப்புகளை ஏற்பது என்று சொல்வது) மட்டும் பிளாக்கு பிளாக்காக மாற்றி எழுதாமல் மேலே ‘எச்டிடிபி’ பகுதியில் ஒரே இடத்தில் வையுங்கள். ஒரே போர்ட்டைப் பகிரும் பிளாக்குகளில், பல பதிப்புகளில், டிஃபால்ட் பிளாக்கில் உள்ளதே எல்லாவற்றுக்கும் செல்லும். கீழே எதை மாற்றினாலும் பலனில்லாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

சோதிக்க பிரவுசர் வேண்டாம், கேஷ் குழப்பும். ‘ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட்’ கட்டளையில் -கனெக்ட் என்று ஐபியும் போர்ட்டும், -சர்வர்நேம் என்று பெயரும் கொடுங்கள். இருக்கும் கடை, இல்லாத கடை, சம்பந்தமே இல்லாத டொமைன் என்று மூன்று தடவை. முதல் இரண்டுக்கும் ஒரே வைல்டுகார்டு சான்றிதழ் வர வேண்டும். மூன்றாவதுக்கு ‘அன்ரெகக்னைஸ்டு நேம்’ என்றும் அலர்ட் எண் 112 என்றும் வந்தால் பிளாக் வேலை செய்கிறது. பிறகு -சர்வர்நேமை எடுத்துவிட்டு -நோசர்வர்நேம் போட்டு ஒருமுறை. அதற்கும் மறுப்பே வர வேண்டும்.

இந்தக் கடைசிச் சோதனையில் ஒரு பின்விளைவு ஒளிந்திருக்கிறது. உங்கள் லோடு பேலன்சரோ கண்காணிப்புச் சேவையோ ஐபி முகவரியை நேரடியாகத் தட்டி ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று கேட்கும் வகையாக இருந்தால், பிளாக்கைச் சேர்த்த மறு நிமிடமே சர்வர் செத்துவிட்டதாக அறிவித்துவிடும். அதில் எஸ்என்ஐ பெயர் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லையென்றால் கண்காணிப்புக்கு மட்டும், வெளியுலகம் எட்டாத உள் ஐபியில் வேறு போர்ட் ஒன்றைத் திறந்து கொடுங்கள்.

வைல்டுகார்டு சான்றிதழ் வாங்கிய பிறகும் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எச்சரிக்கை வருகிறது. எல்லோரும் கடைப்பெயருக்கு முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்துத் தட்டுபவர்கள்.
– வாசகி, கும்பகோணம்

சான்றிதழில் உள்ள நட்சத்திரம் ஒரே ஒரு படிக்குத்தான் செல்லும். *.எக்ஸாம்பிள்.காம் என்ற சான்றிதழ் குமார்.எக்ஸாம்பிள்.காமுக்குப் பொருந்தும். டபிள்யூடபிள்யூடபிள்யூ.குமார்.எக்ஸாம்பிள்.காமுக்குப் பொருந்தாது. வெறும் எக்ஸாம்பிள்.காமுக்கும் பொருந்தாது; அதைத் தனியாகச் சேர்த்து வாங்க வேண்டும். இரண்டு நட்சத்திரம் போட்ட சான்றிதழை எந்த நிறுவனமும் தராது.

டிஎன்எஸ்ஸில் உள்ள நட்சத்திரமோ எத்தனை படி கீழே போனாலும் பதில் சொல்லும். இந்தப் பொருத்தமின்மைதான் உங்கள் தொல்லைக்கு மூலம்: டிஎன்எஸ் வழிகாட்டிக் கொண்டுவந்து விடுகிறது, சான்றிதழ் வாசலில் நிறுத்துகிறது.

நட்சத்திரத்தை மட்டும் நம்பாமல், கடை திறக்கும்போது அந்தக் கடைப்பெயருக்கென்று டிஎன்எஸ்ஸில் தனி ஏ பதிவு (பெயரை ஐபிவி4 முகவரியோடு இணைப்பது) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். குமார் என்ற பெயர் தனியாக இருந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எதற்கும் மேலேயுள்ள நட்சத்திரம் பதில் சொல்லாது. டபிள்யூ மூன்றைச் சேர்த்துத் தட்டியவருக்கு ‘தளம் கிடைக்கவில்லை’ என்றுதான் வரும். பயமுறுத்தும் எச்சரிக்கையைவிட அது தேவலை. விசிட்டிங் கார்டிலும் கடை போர்டிலும் ஏற்கெனவே மூன்று டபிள்யூவோடு அச்சடித்துவிட்ட கடைகளுக்கு மட்டும் அந்த முழுப்பெயரில் தனிச் சான்றிதழ் எடுத்து, முன்னொட்டு இல்லாத பெயருக்கு ரீடைரக்ட் செய்யுங்கள். எல்லாக் கடைக்கும் இதைச் செய்யக் கிளம்பினால், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் வரம்பில் முட்டிக்கொள்வீர்கள்: ஒரு பதிவு டொமைனுக்கு 7 நாளில் 50 புதிய சான்றிதழ்.

நூற்றுக்கணக்கான கடைகள் ஓடும்போது ஒரே ஒரு கடை மட்டும் திடீரென்று காணாமல் போய்விட்டது. அந்தக் கடைக்காரர் தேடுபொறிச் சரிபார்ப்புக்காக டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம். அதைத் தவிர எதையும் தொடவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

அந்த டெக்ஸ்ட் பதிவுதான் காரணம். ஒரு பெயரில் எந்த வகைப் பதிவு ஒன்று இருந்தாலும் அந்தப் பெயர் ‘இருக்கிற பெயர்’ ஆகிவிடும். நட்சத்திரமோ, பதிவில் இல்லாத பெயர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். டெக்ஸ்ட் இருக்கிறது, ஏ இல்லை என்ற நிலைக்கு அந்தக் கடை வந்துவிட்டது. டெக்ஸ்டோடு ஏ பதிவையும் (ஐபிவி6 இருந்தால் நாலு ஏ பதிவையும்) சேர்த்தால் திரும்பிவிடும்.

இதன் இன்னொரு முகம் கொஞ்சம் நுட்பமானது. சான்றிதழ் எடுக்கும்போது பெயர் உங்களுடையது என்று நிரூபிக்க, கடைப்பெயருக்குக் கீழே _ஆக்மி-சேலஞ்ச் என்று ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டாலும் இதேதான் நடக்கும். கீழே ஒரு பெயர் இருந்தால் மேலே உள்ளதும் ‘இருக்கிற பெயர்’தான், அதில் ஒரு பதிவும் இல்லாவிட்டாலும். சான்றிதழ் எடுக்கும் அந்தச் சில நிமிடம் மட்டும் கடை மறைந்து, பதிவு நீங்கியதும் திரும்ப வரும். டிஎன்எஸ் கேஷில் தங்கிய ஊர்களில் இன்னும் சற்று நேரம் மறைந்திருக்கும். காரணம் தெரியாமல் ஹோஸ்டிங் நிறுவனத்தோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

வைல்டுகார்டு சான்றிதழை செர்ட்பாட்டில் (லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் எடுக்கும் நிரல்) கையால் டெக்ஸ்ட் பதிவு போட்டு எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க மறந்து எல்லாக் கடையும் ஒரே நாளில் விழுகிறது. வேறு வழி உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு, அதற்கு மாறியே ஆக வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் 2018 மார்ச்சில் வைல்டுகார்டு கொடுக்கத் தொடங்கியபோதே அதற்கு டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பை மட்டுமே ஏற்பதென்று வைத்துவிட்டது. சர்வரில் கோப்பு வைத்து நிரூபிக்கும் முறை இதற்குச் செல்லாது. கையால் எடுத்ததை செர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கவும் முடியாது. காலாவதி நெருங்குகிறது என்று அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு, பிரவுசர்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த முடிவின்படி எந்தச் சான்றிதழின் உச்சபட்ச ஆயுளும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைகிறது. காசு கொடுத்து ஓராண்டுக்கு வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது.

உங்கள் டிஎன்எஸ் சேவைக்கு ஏபிஐ இருந்தால் அதற்கான செர்ட்பாட் பிளக்-இன்னை நிறுவுங்கள். ஆனால் டொமைன் முழுவதையும் மாற்றும் அதிகாரமுள்ள டோக்கனை வெப் சர்வரிலேயே வைப்பது எங்களுக்கு உவப்பில்லை. சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டால் மின்னஞ்சல் வரைக்கும் அவர் கைக்குப் போய்விடும். அதைத் தவிர்க்க, _ஆக்மி-சேலஞ்ச் என்ற பெயரை மட்டும் ஒரு சிநேம் பதிவால் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டுவது) வேறொரு சிறிய டொமைனுக்குத் திருப்பிவிட்டு, அந்தச் சிறிய டொமைனுக்கான டோக்கனை மட்டும் சர்வரில் வைக்கலாம். ஏபிஐ இல்லாத பழைய டிஎன்எஸ் சேவையில் இருப்பவர்களுக்கும் இதே வழி உதவும்.

வெறும் டொமைனையும் நட்சத்திரத்தையும் ஒரே சான்றிதழில் கேட்டால் ஒரே பெயரில் இரண்டு டெக்ஸ்ட் மதிப்புகள் கேட்கப்படும். இரண்டாவதைப் போடும்போது முதலாவதை அழித்துவிடுவதுதான் ‘சரியாகத்தான் போட்டேன், தோற்றுவிட்டது’ என்பதற்கு வழக்கமான காரணம். இரண்டும் ஒருசேர இருக்க வேண்டும்.

புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யாவிட்டால் அது நினைவகத்தில் உள்ள பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருக்கும். ‘டிப்ளாய்-ஹுக்’ வரியில் ரீலோடு கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். கோப்பு ‘ஃபுல்செயின்’ ஆகவே இருக்கட்டும். ‘சர்ட்’ என்ற கோப்பை வைத்தால், தளச் சான்றிதழை வழங்கிய நிறுவனத்தோடு இணைக்கும் இடைச் சான்றிதழ் விடுபடும். டெஸ்க்டாப் பிரவுசர்கள் பல அதைத் தாமே தேடி எடுத்துச் சமாளித்துவிடும், மொபைல் ஆப்பும் கர்ல் என்ற கட்டளைக் கருவியும் மறுத்துவிடும். கண்காணிப்பு வைத்தால் வட்டில் உள்ள கோப்பின் தேதியைப் பார்க்காதீர்கள். வெளியிலிருந்து இணைத்து, சர்வர் உண்மையில் நீட்டும் சான்றிதழின் முடிவுத் தேதியைப் பாருங்கள். 20 நாளுக்குக் கீழே போனால் மணி அடிக்கட்டும்.

சோதனைக்காக ஒரு சப்டொமைன் உருவாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் இணைப்பு கொடுக்கவில்லை. சான்றிதழ் எடுத்த சில நிமிடத்தில் லாகில் வெளிநாட்டு ஐபிகள். எப்படித் தெரிந்தது?
– வாசகர், கோலாலம்பூர்

சான்றிதழ் எடுத்ததே ஊருக்குச் சொன்னதுதான். வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும் பொதுப் பதிவேட்டில் ஏற்றினால்தான் குரோம் ஏற்கும். 2018 ஏப்ரல் இறுதிக்குப் பிறகு வழங்கியவற்றுக்கு இது கட்டாயம். அந்தப் பதிவேட்டை நொடிக்கு நொடி படித்துக்கொண்டிருக்கும் ரோபோக்கள் ஏராளம். வைல்டுகார்டு எடுத்தால் பதிவேட்டில் நட்சத்திரம் மட்டும்தான் தெரியும், தனிப்பெயர் தெரியாது. ஆனாலும் பெயரை மறைப்பதைப் பூட்டாக நினைக்க வேண்டாம். சோதனைத் தளத்துக்கு கடவுச்சொல் போடுங்கள்.

கடைக்காரர்கள் சிலர் தங்கள் சொந்த டொமைனையே எங்கள் சர்வருக்குத் திருப்ப விரும்புகிறார்கள். எந்தப் பெயர் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சான்றிதழை எப்படி வைப்பது?
– வாசகர், கோவை

இதற்கு வைல்டுகார்டு உதவாது. ஒவ்வொரு டொமைனுக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு கேடி என்ற வெப் சர்வர் என்ஜின்எக்ஸைவிடப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. அதில் ‘ஆன்-டிமாண்ட்’ முறையைப் போட்டால், புதிய பெயர் ஒன்று முதன்முதலாக வரும்போது ஹேண்ட்ஷேக்கின் நடுவிலேயே சான்றிதழ் எடுத்துவிடும். முதல் ஆள் சில நொடி காத்திருப்பார். அடுத்தவர்களுக்குத் தாமதம் இல்லை.

ஆனால் ‘ஆஸ்க்’ என்ற வரியை எழுதாமல் இதைத் திறந்துவிடாதீர்கள். சான்றிதழ் எடுக்கும் முன் கேடி உங்கள் மென்பொருளின் ஒரு முகவரியைத் தட்டி, டொமைன் பெயரைச் சொல்லி, எடுக்கலாமா என்று கேட்கும்; 200 எண்ணோடு பதில் வந்தால் மட்டும் எடுக்கும். அது இல்லாவிட்டால் எவரோ ஒருவர் தன் டொமைனில் நட்சத்திரம் போட்டு உங்கள் ஐபிக்குத் திருப்பி, அ1, அ2, அ3 என்று வரிசையாகத் தட்டியே உங்கள் கணக்கின் வரம்பைத் தீர்த்துவிடலாம். லெட்ஸ் என்கிரிப்டில் ஒரு கணக்குக்கு 3 மணி நேரத்தில் 300 ஆர்டர். அந்த நேரத்தில் உண்மையான கடைக்காரர் வந்தால் அவருக்குச் சான்றிதழ் கிடைக்காது. ‘ஆஸ்க்’ பதில் மில்லிநொடிகளில் வர வேண்டும், ஏனெனில் அதுவரை ஹேண்ட்ஷேக் நிற்கிறது. டேட்டாபேஸில் டொமைன் பத்திக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என்ஜின்எக்ஸையே வைத்துக்கொள்வதென்றால், 1.15.9 முதல் எஸ்எஸ்எல்_சர்டிஃபிகேட் வரியில் மாறி (வேரியபிள்) வைக்கலாம்: கோப்பின் பாதையில் டாலர் குறியோடு எஸ்எஸ்எல்_சர்வர்_நேம். வந்த பெயருக்கு ஏற்ற கோப்பை அது தேடி எடுக்கும், ரீலோடும் தேவையில்லை. விலை இரண்டு. ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்குக்கும் வட்டைத் தொடும் (1.27.4-இல் இதற்கு கேஷ் வந்துவிட்டது). வழக்கமாக ரூட் உரிமையோடு ஓடும் மாஸ்டர் புரோசஸ் சான்றிதழின் ரகசியச் சாவியைப் படிக்கும். இம்முறையில் வொர்க்கர் புரோசஸ் படிப்பதால் சாவிக் கோப்பை வாசிக்கும் உரிமையை அதன் பயனர் கணக்குக்குத் தர வேண்டும். ‘பெர்மிஷன் டினைடு’ என்று எர்ரர் லாகில் வந்தால் அதுதான். உரிமையை உலகத்துக்கே திறந்துவிடாமல், தனி குரூப் உருவாக்கி 640 கொடுங்கள்.

முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர். அப்பாச்சியை அப்டேட் செய்ததும் எல்லாக் கடையிலும் ‘421 மிஸ்டைரக்டட் ரிக்வெஸ்ட்’.
– வாசகர், சேலம்

இரண்டுக்கும் நடுவிலும் எச்டிடிபிஎஸ் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பின்னால் உள்ள சர்வருக்கு இணைக்கும்போது என்ஜின்எக்ஸ் இயல்பாக எஸ்என்ஐ பெயரை அனுப்பாது. அப்பாச்சி முன்பு அதைக் கண்டுகொள்ளாமல் ஹோஸ்ட் வரியை வைத்துச் சமாளித்தது. 2025-இல் வந்த 2.4.64 பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, சொன்ன பெயரும் கேட்ட பெயரும் வேறு என்று 421 கொடுக்கிறது. என்ஜின்எக்ஸில் புராக்ஸி_எஸ்எஸ்எல்_சர்வர்_நேம் ஆன், புராக்ஸி_எஸ்எஸ்எல்_நேம் $ஹோஸ்ட் என்ற இரு வரிகளையும் சேர்த்து, ஹோஸ்ட் வரியையும் அப்படியே அனுப்புங்கள். அப்பாச்சியிலும் டிஃபால்ட் என்பது முதலில் படித்த விர்ச்சுவல் ஹோஸ்ட்தான். டெபியனில் அந்தக் கோப்பின் பெயர் மூன்று பூஜ்யத்தோடு தொடங்குவது அதற்காகவே.

தமிழிலேயே கடைப்பெயர் வைத்த சப்டொமைன் கொடுக்கலாமா? வைல்டுகார்டு அதற்கும் செல்லுமா?
– வாசகி, மதுரை

கொடுக்கலாம், செல்லும். டிஎன்எஸ்ஸிலும் சான்றிதழிலும் ஹோஸ்ட் வரியிலும் தமிழ் எழுத்து நேரடியாகப் போகாது. ப்யூனிகோடு என்ற மாற்று வடிவத்தில்தான் போகும். இந்தியா என்ற மேல்நிலை டொமைன் அப்படி எழுதும்போது எக்ஸ்என்--எக்ஸ்கேசி2டிஎல்3ஏ5இஇ0எச் ஆகிவிடும். சர்வர்_நேமில் முழுப்பெயர் எழுதுவதாக இருந்தால் இந்த வடிவத்தையே எழுதுங்கள். கடைப்பெயரை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பிடித்தால் சிறுகோடும் எண்களும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டு சிறுகோடு அடுத்தடுத்து வரக்கூடாது என்று எழுதிவைத்தவர்களின் சர்வரில் தமிழ்க் கடைகள் எல்லாம் 404 ஆகும்.

டேட்டாபேஸிலும் மாற்று வடிவத்தையே தேடு பத்தியாக வையுங்கள், தமிழ்ப் பெயர் காட்டுவதற்கு மட்டும். ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பிரவுசர் மாற்றும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், உங்கள் பதிவுப் படிவம் அதைச் செய்யாவிட்டால் கொலுசுக்கடை திறந்த அன்றே ‘இப்படி ஒரு கடை இல்லை’ என்று வரும். நீளமும் கவனம்: ஒரு படிக்கு 63 எழுத்து வரம்பு, முன்னால் வரும் எக்ஸ்என் இருசிறுகோடும் அதில் அடக்கம். எண்ண வேண்டியது மாற்று வடிவத்தின் எழுத்துகளை; படிவத்திலேயே மாற்றிப் பார்த்து, மிஞ்சினால் சுருக்கமான பெயர் கேளுங்கள்.